காய்ந்த பயற்றுக்குக் காவல்

நாவுலையில் நாங்கள் செய்த வயல் எங்களுடையதல்ல. இந்த ஒரு வரியை முதலில் சொல்லாமல் அந்த வயலைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

மாத்தளை டவுனில் குடியிருக்கும், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருடைய வயல் அது. நாங்கள் அவரை ஐயா என்போம். அவருக்கு நாங்கள் அந்தேக்குச் செய்தோம். விதைப்பதும் களை பிடுங்குவதும் வெட்டுவதும் எங்கள் பாடு, விளைவதில் பாதி அவருக்கு. எழுத்து எதுவும் கிடையாது. ஒவ்வொரு போகத்துக்கு முன்னாலும் அப்பா வெற்றிலைக்கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு மாத்தளைக்கு பஸ் ஏறுவார். ஐயா அதை இரண்டு கையாலும் வாங்கினால் அந்தப் போகம் எங்களுக்கு. ஒரு கையால் வாங்கிப் பக்கத்தில் வைத்தால் இல்லை. நல்ல நாளாகப் பார்த்து, சட்டையை இஸ்திரி போட்டு, போகும் வழியெல்லாம் வெற்றிலை வாடாமல் ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவார். எங்கள் வீட்டின் ஆறு மாதச் சோறு அந்தத் துணிக்குள் இருக்கும்.

விவசாயப் பாடசாலையில் டிப்ளோமா முடித்துவிட்டு, நியமனம் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று நான் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். உட்கார்ந்திருந்தேன் என்பது சரியில்லை. எனக்கு உட்கார வராது. விடிந்ததும் வயலுக்கு ஓடுவேன். கையில் எப்போதும் இலை நிற அட்டை இருக்கும். அது ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை சில கட்டங்கள். நெல் இலையை அதன்மேல் வைத்துப் பார்த்தால் பயிருக்கு நைதரசன் போதுமா போதாதா என்று தெரியும். போதுமென்றால் யூரியாவை மூடி வைத்துவிடலாம். இவ்வளவு எளிய விஷயத்தை ஊரில் ஒருவரும் செய்யவில்லையே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

ஊரில் செய்தது வேறு. நெல் என்றால் கறுக்க வேண்டும். எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு நல்ல விவசாயி. குண்டாக இருக்கிற பிள்ளையைப் பார்த்துச் சத்தான பிள்ளை என்பார்களே, அந்த மாதிரி. அதிலும் எங்கள் ரோட்டோர வயல்காரர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வயலை அந்தேக்கு விட்டவர்கள் பெரும்பாலும் டவுனில் இருப்பவர்கள். வேனில் வருவார்கள், இறங்க மாட்டார்கள், கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஆகவே அவர்கள் வரப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால், அதற்குச் சில நாள் முன்னதாக ரோட்டை ஒட்டிய வரப்போரம் மட்டும் ஒரு கை யூரியா கூடுதலாக விழும். ரோட்டு யூரியா என்று அதற்குப் பெயரே உண்டு. அப்பாவும் போடுவார்.

"வயல் நல்லாக் கறுத்திருக்குது," என்பார் ஐயா, வேனுக்குள்ளிருந்து.

"எல்லாம் ஐயா புண்ணியம்," என்பார் அப்பா.

கறுத்த அந்தப் பட்டைதான் மஹா என்கிற பெரும்போகத்தின் மழையில் முதலில் சாயும். வெட்டு மெஷின் சாய்ந்ததை ஒழுங்காக எடுக்காது. அப்பாவும் அம்மாவும் குனிந்து அரிவாளால் அறுப்பார்கள். அதில் பாதி பதர். அந்தப் பதரைப் பாதி பிரிக்க ஐயா ஒரு நாளும் வந்ததில்லை.

அந்த வருடம் சித்திரை பிறக்கும்போதே குளத்தில் தண்ணீர் இல்லை. கன்னக் கூட்டத்தில், அதாவது போகத்துக்குத் தண்ணீர் விடும் நாளைத் தீர்மானிக்கிற விவசாயிகள் கூட்டத்தில், சிறுபோகத்துக்கு நெல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆளாளுக்கு முகம் தொங்கியது. எனக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டேன்.

"அப்பா, பயறு போடுவோம்."

"சோளம் போடலாம்னு பாத்தேன்."

"சோளம் இருக்குற நைதரசன் எல்லாத்தையும் உறிஞ்சிரும். அதுக்கும் யூரியா வாங்கணும், அதுக்கப்புறம் மஹாவுல நெல்லுக்கும் வாங்கணும். பயறு அப்படியில்ல. அதோட வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும். அதுக்குள்ள இருக்குற கிருமி காத்துல இருக்குற நைதரசனப் புடிச்சு வைக்கும். செடிய அப்படியே மண்ணுக்குள்ள உழுதுட்டா, மஹாவுக்கு யூரியா பாதி போதும்."

அப்பா பீடியை வாயிலிருந்து எடுத்தார். "காத்துல இருந்து யூரியா வருதுங்குற."

"ஆமா."

"சும்மா."

"சும்மாதான்."

"அதுக்கு எந்த வரிசையில போயி நிக்கணும்?"

உரத்துக்காக வரிசையில் நின்ற வருடங்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விடவும் இல்லை. சாப்பிடும்போது சொன்னேன், களை பிடுங்கும்போது சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கடைசியில் அப்பா, "சரி புள்ள, போடுவோம். உன் வாய்க்குப் பயந்தாவது காத்து எறங்கி வரட்டும்," என்றார்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விவரமாகத்தான் இருந்தேன். பயறு சேர்த்து வைக்கிற சத்து அடுத்த போகத்துக்கு உரியது. அடுத்த போகம் எங்களுக்கு இல்லையென்றால் நாங்கள் யாரோ ஒருவருக்கு உரம் போட்டவர்களாவோம். ஐயா சித்திரை முடிவில் வந்தபோது வேன் கண்ணாடி அருகே போய் நானே கேட்டேன்.

"ஐயா, பயறு போடலாம்னு இருக்கோம். அதோட பலன் மஹாவுலதான் தெரியும். மஹாவும் எங்களுக்குத்தானேங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. இப்போதும் அதை நல்ல சிரிப்பு என்றுதான் நினைவில் வைத்திருக்கிறேன், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

"உங்களுக்கில்லாமல் வேற ஆருக்குக் குடுக்கிறது, பிள்ளை? பயறு போடுங்கோ. பாதி வரும்தானே?"

வரும் என்றோம். போட்டோம்.

எங்கள் பக்கத்தில் பயறு விளைந்தால் செடியை வேரோடு பிடுங்கிக் கட்டி ரோட்டில் கொண்டுபோய் விரிப்பார்கள். பஸ்ஸும் லொறியும் மேலே ஏறி ஏறிப் போக, நெற்று உடைந்து மணி பிரியும். பெருக்கி அள்ளினால் வேலை முடிந்தது. செடியை மாடு தின்னும். இதில் வேர் போகிறது, செடி போகிறது, சேர்த்து வைத்த நைதரசன் முழுதும் மாத்தளை பஸ்ஸின் டயருக்கடியில் போகிறது. அதனால்தான் பயறு போட்டும் நிலத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பிடுங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நெற்றை மட்டும் கையால் பறிக்க வேண்டும். முற்றியது முற்றியதாகப் பல முறை பறிக்க வேண்டும். வெயிலுக்கு முன் பறிக்க வேண்டும், வெயில் ஏறினால் நெற்று வெடித்து மணி சிதறும்.

முதல் பறிப்பு சரியாக வஹகோட்டைத் தேவாலயத் திருவிழா நாட்களில் வந்து விழுந்தது. எங்கள் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் திருவிழாவைத் தவறவிட்டதில்லை. அந்த வருடம் போகவில்லை. இடுப்பில் பழைய சேலையைத் தூளி மாதிரி கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்து பறித்தார். விரல் நுனி வெடித்து உப்புப் பட்டால் எரியும் என்று சம்பல் இடிக்க என்னைக் கூப்பிடுவார்.

"உங்க நைதரசனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துனா போதாதா? நான்தான் வந்து குனியணுமா?" என்பார். ஆனால் பறித்தார்.

பறித்து முடிந்தது. ஐயாவுக்குப் பாதி போனது. பிறகுதான் ஊர் சிரிக்க ஆரம்பித்தது.

சிறுபோகம் முடிந்தால் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். யாருடைய வயல் என்று கணக்கில்லை. அடுத்த உழவு வரைக்கும் வெளி முழுவதும் மாட்டுக்குச் சொந்தம். அதை யாரும் தடுப்பதில்லை, தடுப்பது மரியாதையுமில்லை. எங்கள் வயலில் மட்டும் பயற்றஞ்செடி காய்ந்து நின்றது. மாடு தின்றால் எல்லாம் பாழ். இப்போதே உழுதுவிடலாம் என்றால், மழை வருமுன் உழுத மண்ணில் சத்து நிற்காது என்று எனக்குப் பயம். ஆகவே முதல் மழை வரை செடி நிற்க வேண்டும். அதுவரை மாடு வரக் கூடாது. நாங்கள் முள் வெட்டிப் போட்டு, கிழிந்த சேலைகளைக் கயிறாகத் திரித்துக் கட்டி, காவல் இருந்தோம். பகலில் நானும் அம்மாவும் மாறி மாறி, மற்ற நேரம் அப்பா.

பக்கத்து வயல் அக்கா ஒருத்தி உண்டு. வாய் திறந்தால் ஊரே நின்று கேட்கும். வரப்பில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்பாள்.

"டீச்சரம்மா, நெல்லுக்குக் காவல் இருக்குறாங்க, தென்னைக்குக் காவல் இருக்குறாங்க. காஞ்ச குச்சிக்கு யாராச்சும் காவல் இருப்பாங்களா?"

"குச்சி இல்லக்கா, உரம்."

"அப்ப ராத்திரிக்கு உள்ள எடுத்து வச்சுப் பூட்டுங்க. கள்ளன் வந்துருவான்."

அதற்கும் பதில் வைத்திருந்தேன். செடியொன்றைக் கெல்லி எடுத்து வேரைக் காட்டினேன். ஒட்டியிருந்த முடிச்சொன்றை நகத்தால் கீறிக் காட்டினேன். பச்சையாக இருந்தபோது கீறியிருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்திருக்கும், அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், இப்போது காய்ந்ததால் தெரியவில்லை என்றேன். அக்கா குனிந்து பார்த்தாள். "எங்கூட்டு ஆளு காலுல இதே மாதிரி இருக்கு. அதையும் வயல்ல வச்சு உழுதுறவா?" என்றாள். அப்பாவே வரப்பில் உட்கார்ந்து சிரித்துவிட்டார். அவளைக் கோபிக்க முடியாது. எங்கள் சேலைக்கயிறு அறுந்திருந்த ஒருநாள் அவள்தான் மாட்டை விரட்டிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள்.

ஐப்பசி மழை இறங்கியது. ஊரில் டிராக்டர் வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டோம். அவரும் எங்களைப் போலத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்தான். அப்பாவும் அவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். கொக்கோத் தோட்டத்தில் ஒன்றாகக் காய் உடைத்தவர்கள். அவருக்கு டிராக்டர் வந்தது, எங்களுக்கு வரவில்லை. அவர் உழுதுகொண்டிருந்த அன்றே ஐயாவும் வந்தார். ஆச்சரியமாக, அன்றைக்கு வேனிலிருந்து இறங்கினார். மண் புரண்டு, காய்ந்த செடி உள்ளே அமுங்கி, கறுப்பாக, ஈரமாக, வாசமாக இருந்தது. அவருக்கும் பிடித்திருக்க வேண்டும்.

"இதுக்குத்தானோ காவல் இருந்தனீங்கள்? என்னெண்டு சொல்லு பாப்பம், பிள்ளை."

சொன்னேன். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேரிலிருந்து ஆரம்பித்து, காற்றிலிருந்து ஆரம்பித்து, செடி மக்கும்போது சத்து எப்படி மெல்ல மெல்ல விடுபடும், நெல் தூர் கட்டும் நேரத்துக்கு அது எப்படிக் கைகொடுக்கும், வழக்கமாகப் போடுகிற யூரியாவில் பாதி எப்படிப் போதும், இலை நிற அட்டையை வைத்து எப்படிப் பார்ப்பது, எல்லாம் சொன்னேன். டிராக்டரை நிறுத்திவிட்டு உழவுகாரரும் மட்கார்டில் சாய்ந்துகொண்டு கேட்டார். ஐயா இடையிடையே "அப்பிடியோ" என்றார். "அப்பிடியெண்டால் இந்தமுறை செலவு குறைவு," என்றார். ஆமாங்க என்றேன். "விளைச்சல் குறையாது?" குறையாதுங்க என்றேன்.

அடுத்த வாரம் அப்பா வெற்றிலைக்கட்டை வாங்கினார். மஹாவுக்கான வெற்றிலை. இந்த முறை நானும் போகிறேன் என்றேன். நாலந்தாவைத் தாண்டும்போது அப்பா மடியிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்னயக் கூட்டிட்டுப் போறது நல்லதுதான். ஐயாவுக்கு ஒன்னயப் புடிச்சிருக்கு," என்றார்.

ஐயா வீட்டு ஹோலில் எங்களை உட்காரச் சொன்னார்கள். தேத்தண்ணி வந்தது. அப்பா எழுந்து நின்று இரண்டு கையாலும் வெற்றிலையை நீட்டினார். ஐயா கையை நீட்டவேயில்லை. உள்ளே திரும்பி, "இஞ்சை, இதை எடுத்து வையும்," என்றார். அவருடைய மனைவி வந்து ஒரு கையால் வாங்கி, டீவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

"இருங்கோ," என்றார் ஐயா. "வயலை அந்த டிராக்டர்க்காரரிட்டைக் குடுத்திட்டன். அவர் பாதிக்கு மேலை காசும் தாறன் எண்டார். உழவும் அவரின்ரை மிசின்தானே, அவருக்கு லேசு."

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, நீங்க சித்திரையில சொன்னீங்களே. எங்களுக்குத்தான்னு. அதுக்குத்தான் நாங்க பயறு போட்டோம், அதுக்குத்தான் காவல்..."

"பயற்றிலை பாதி நீங்கள் எடுத்தனீங்கள்தானே, பிள்ளை? ஆரும் உங்களை ஏமாத்தேல்லை."

"பயறு இல்லீங்க. மண்ணுல இருக்குறது."

"மண் என்ரை."

ஆனாலும் கேட்டேன். "கூடத் தரணும்னா எங்ககிட்டயும் கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்த கேக்கவே இல்லையே."

அவர் அப்பாவைப் பார்த்தார், உண்மையாகவே இரக்கத்தோடு. "கேட்டிருந்தால் நீங்கள் பாவம், ஓம் எண்டிருப்பியள். பிறகு குடுக்க ஏலாமல் கஷ்டப்பட்டிருப்பியள். அதாலதான் கேக்கேல்லை. பிள்ளையே சொன்னதுதானே, இந்தமுறை அரைவாசி உரம் போதுமெண்டு. அப்பிடியான வயலுக்கு ஒரு பெறுமதி இருக்குத்தானே?"

திரும்பி வரும்போது அப்பா வெறும் ஈரத்துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அம்மா கேட்டதும் நான்தான் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பி, "நீ அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒரு வயலுக்கு எது நல்லது என்று அந்த வயலில் நின்று சொன்னது குற்றமென்றால், பிறகு எதற்குப் படிப்பு? திருடினவரை விட்டுவிட்டு, பொருள் நல்ல பொருள் என்று சொன்னவளைத் திட்டுவார்களா? திட்டுகிறார்கள். அம்மா அந்த மழைக்காலம் முழுவதும் என்னைத் திட்டினார். அப்பா திட்டவில்லை. அது அதைவிட மோசம்.

அந்தப் பெரும்போகத்தில் அப்பா கூலிக்குப் போனார். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். டிராக்டர்க்காரரும் கூப்பிட்டார். சொந்தக் கையால் காவல் காத்த வயலில் இன்னொருவருக்காக உரம் வீசப் போனார். அவர் வீசுகிற கை ஊரில் பேர் பெற்றது. ஓரிடத்தில் குவியாது, ஓரிடத்தில் விடுபடாது.

முதல் முறை வீசிவிட்டு வந்தவரிடம் கேட்டேன். "எவ்வளவுப்பா போட்டாரு?"

"வழக்கமாப் போடுறது."

"முழுசாவா? பயறு உழுத வயல்லயா? சாஞ்சிரும்ப்பா!"

"கூலிக்குப் போறவன் அளவு சொல்ல முடியுமா? மூட்டையக் குடுத்தாரு, வீசினேன்."

இரண்டாம் முறையும் வீசினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்களுக்கு என்ன, சாயட்டும், நன்றாகச் சாயட்டும் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் அந்த நெல்லைப் பார்த்தது. தூர் கட்டி, நெருங்கி, பயற்றின் பலத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது என் கணக்கு, என் கண் முன்னால் சரியாக வந்துகொண்டிருந்தது. இலை நிற அட்டையை எடுத்துக்கொண்டு டிராக்டர்க்காரர் வீட்டுக்குப் போனேன்.

"மாமா, இனிமே யூரியா வேணாம். இங்க பாருங்க, இலை இந்தக் கட்டத்துக்கும் மேல போயிருச்சு. இதுக்கு மேல போட்டா தண்டு நீண்டு மெலிஞ்சிரும். கதிர் பாரம் தாங்காது."

அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெயின்ட் கடையில குடுப்பானே, அது மாதிரி இருக்கு," என்றார்.

"மாமா, நெசமாத்தான் சொல்றேன்."

"புள்ள, எனக்கு வெளங்குது. வயல் கைவிட்டுப் போன வயித்தெரிச்சல்ல சொல்ற. நான் கொறைவாப் போட்டு, வெளைச்சல் கொறஞ்சு, ஐயா அடுத்த போகம் திரும்ப உங்கப்பாவுக்குக் குடுக்கணும். அதானே?"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவர் இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் நியாயமான சந்தேகம். நான் வேறு எதற்காக வந்திருக்க முடியும்?

"ஐயா பொங்கலுக்கு முந்தி வாரேன்னு சொல்லியிருக்காரு," என்றார் அவர். "பணம் கூடக் குடுத்து எடுத்த வயல். வெளிறிப் போயி இருந்தா எனக்கு மானக்கேடு. அன்னைக்குக் கறுப்பா நிக்கணும்."

நின்றது. ரோட்டோரம் மட்டுமல்ல, வயல் முழுவதும் ரோட்டு யூரியா விழுந்தது. அதையும் அப்பாதான் வீசினார். அத்தனை கறுப்பு நெல்லை நான் அதற்கு முன் கண்டதில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐயா இறங்கி நின்று படமே எடுத்தாராம்.

கதிர் வந்து பால் பிடித்து முற்றும் நேரத்தில் தை மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. காற்றும் அவ்வளவாக இல்லை. பக்கத்து வயல்கள் தலையாட்டிவிட்டு நின்றன. அந்த வயல் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து படுத்துக்கொண்டே போனது, பாய் விரிக்கிற மாதிரி. மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தேன். கதிரெல்லாம் தண்ணீரில் கிடந்தது. அடுத்து வந்த நாட்களில் கதிரிலேயே மணி முளைத்தது.

நான் சந்தோஷப்பட்டேனா என்று பின்னால் ஒரு சிநேகிதி கேட்டாள். இல்லை. சொன்னேன் பார்த்தாயா என்று மனதுக்குள்கூட எனக்கு வரவில்லை. அம்மா வெடித்த விரலால் பறித்ததும், நாங்கள் சிரிப்புக்கிடமாகக் காத்ததும், முளை கட்டி நாறிக் கிடந்தது. யாருக்குமே இல்லாமல் போயிற்று.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஐயா வந்தார். வரப்பில் நின்றார். டிராக்டர்க்காரர், பக்கத்து வயல்காரர்கள், கூலிக்கு வந்த அப்பா, எல்லோரும் நின்றார்கள். யூரியா எவ்வளவு போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் எப்போதும் போடுவதைத்தானே அவரும் போட்டார், அதில் கேட்க என்ன இருக்கிறது? புதிதாக நடந்தது ஒன்றே ஒன்று.

"உந்தப் பயறுதான் வயலைக் கெடுத்தது," என்றார் ஐயா.

"ஆமாங்க," என்றார் டிராக்டர்க்காரர். "மண்ணுல சூடு கூடிருச்சு. செடிய வேரோட புடுங்காம உள்ள வச்சு உழுதா இப்படித்தான் ஆகும். நம்ம ஆளுங்க சும்மாவா புடுங்கி எடுத்தாங்க?"

தலைகள் ஆடின. காய்ந்த குச்சியைக் கேலி செய்த அக்காவும் ஆட்டினாள். நான் பேச வாயெடுத்தேன். அப்பா என் பக்கம் பார்த்தார். அவர் கண்ணில் கோபமில்லை, கெஞ்சல் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பேசியிருந்தால் பயறு நல்லது, யூரியாதான் கூடிவிட்டது என்று சொல்லியிருப்பேன். அதை வீசிய கை அப்பாவுடையது.

இப்போது எங்கள் வெளியில் பயறு போட்ட வயல் சாயும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. எந்தக் காரியாலயத்திலிருந்து எந்த உத்தியோகத்தர் வந்து சொன்னாலும் அவர்கள் ஒரு வயலைக் காட்டுவார்கள். நாளைக்கு எனக்கே நியமனம் கிடைத்து நானே போய்ச் சொன்னாலும் அந்த வயலைத்தான் காட்டுவார்கள்.

டிராக்டர்க்காரர் வயலை விட்டுவிட்டார். கைவிட்ட வயலை வேறு யாரும் கேட்டுப் போகவில்லை. சிறுபோகம் நெருங்கியபோது ஐயாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் வேனை நிறுத்தி அப்பாவைக் கூப்பிட்டார்.

"வயலைத் திரும்ப நீங்களே செய்யுங்கோ. இனி வேற ஆரிட்டையும் குடுக்கிற எண்ணம் இல்லை."

அம்மா கதவடியில் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆனால் பயறு கிட்டவும் வரப்படாது. சோளம் போடுங்கோ. பழையபடி உரம் போடுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பாமல், "பிள்ளை படிச்சது நல்லம்தான். ஆனால் வயல் விஷயத்திலை பிள்ளை யோசனை சொல்லப்படாது. அதுக்கு ஓமெண்டால் செய்யலாம்."

நான் வாய் திறக்குமுன் அப்பா சொல்லிவிட்டார்.

"சரிங்க ஐயா."

வேன் போனதும் வெடித்தேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. மானம் என்றேன், பொய் என்றேன், நீங்களும் அந்தப் பொய்க்குத் தலையாட்டினீர்கள் என்றேன், அந்த வயலில் இனி கால் வைக்க மாட்டேன் என்றேன்.

அப்பா கேட்டுக்கொண்டே மண்வெட்டியின் காம்பை இறுக்கிக்கொண்டிருந்தார். "ஒன் கணக்கு சரின்னு எனக்குத் தெரியும் புள்ள," என்றார். "நெல்லு வந்த வரத்து எனக்குத் தெரியாதா? நான்தானே உள்ள நின்னேன்."

"அப்ப அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அதச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லிட்டு? வயலு யாரு குடுப்பா?"

அம்மா உள்ளிருந்து, "நீ காலு வைக்காட்டி வெத யாரு போடுறது? எனக்குக் குனிய முடியல," என்றார்.

மறுநாள் காலை போனேன். அப்பா முன்னால் குழி போட்டுக்கொண்டே போனார். நான் பின்னால் விதையைப் போட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனேன். மண்ணில் இன்னும் பயற்று வேரின் துண்டுகள் கிடந்தன. மிச்சமிருந்த சத்தை இந்தச் சோளம் ஒரே மாதத்தில் தின்று முடித்துவிடும். பிறகு மூட்டை யூரியாதான், அதற்கு அடுத்த போகத்துக்கும் மூட்டை யூரியாதான். அப்பா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. குழிக்கு இரண்டு விதையா மூன்றா என்று மட்டும் கேட்டேன்.

"ரெண்டு போதும்," என்றார்.